சிலந்தி சட்டை உரிக்கும்போது: டாரன்டுலா வளர்ப்பவர்கள் நெல்லைச் சீமையில் கேட்கும் கேள்விகள்

பாம்பு சட்டை உரிக்கும் என்பது நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். வைக்கோல் படப்பை ஒட்டி அந்தச் சட்டையைக் கண்டெடுத்துப் பயந்தவர்கள் ஏராளம். சிலந்தியும் அப்படித்தான் சட்டை உரித்து வளர்கிறது என்பது பலருக்குப் புதுச் செய்தி. பாளையங்கோட்டையில் 11 ஆண்டுகளாக டாரன்டுலா என்னும் முடி அடர்ந்த பெரிய சிலந்திகளை வளர்க்கிறேன். தென்காசி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கமிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் சட்டை உரிப்பைப் பற்றியவை. மீதி, நிறத்தையும் பெட்டிக்குள் போடும் மண்ணையும் பற்றியவை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, சிலந்தி மல்லாந்து கிடக்கிறது. செத்துவிட்டதா?

சாகவில்லை. தொடாதீர்கள். பெட்டியை நகர்த்த வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம், கைபேசி வெளிச்சத்தை அடிக்க வேண்டாம். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

டாரன்டுலா மல்லாந்து படுத்துத்தான் சட்டை உரிக்கும். சில வேளை ஒருக்களித்தும் படுக்கும். சாகும் நிலையில் இருக்கும் சிலந்தி பெரும்பாலும் மல்லாக்காது. நின்ற இடத்திலேயே எட்டுக் கால்களையும் உடலுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். இதற்குக் காரணம் உண்டு. சிலந்தியின் காலை மடக்கத் தசைகள் இருக்கின்றன. முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடல் திரவத்தின் அழுத்தம்தான் காலை நீட்டுகிறது. நீர் வற்றினாலோ உயிர் ஒடுங்கினாலோ அழுத்தம் குறைந்து கால்கள் தாமாக மடங்கிவிடும். ஆகவே மல்லாந்து கால் விரித்துக் கிடப்பது நல்ல சேதி. நின்றபடி கால் சுருட்டுவதுதான் கவலைப்பட வேண்டியது.

என் முதல் சிலந்தி சுருள்முடி டாரன்டுலா இனத்தின் இளங்குஞ்சு. ஒரு காலையில் அது மல்லாந்து கிடந்ததைப் பார்த்து அம்மா "போய்விட்டதடா" என்றார். எனக்கும் அப்படியே தோன்றியது. ஒரு கரண்டிக் காம்பால் அதைப் புரட்டி நேராக வைத்தேன். பாதி உருவிய நிலையில் இருந்த இரண்டு கால்கள் வளைந்தபடியே இறுகிப்போயின. அடுத்த இரண்டு உரிப்புகள் முடியும் வரை அது நொண்டி நொண்டித்தான் நடந்தது. அது பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அந்தக் கரண்டிச் சத்தம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைத்திருக்கிறேன்.

உள்ளே என்னதான் நடக்கிறது? எவ்வளவு நேரம் ஆகும்?

வெளியே தெரிவது கடைசிக் காட்சி மட்டும். அதற்குப் பல நாள்களுக்கு முன்பே பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் முழுதாக உருவாகிவிடும். இரண்டுக்கும் இடையே ஊறும் திரவம் பழைய தோலின் உட்பக்கத்தைக் கரைத்து இளக்கிவைக்கும். நேரம் வந்ததும் சிலந்தி தன் வயிற்றிலுள்ள திரவத்தை முன்னுடலுக்குத் தள்ளும். அழுத்தம் தாங்காமல் முன்னுடலின் மேல் ஓடு விளிம்பில் வெடித்து, டப்பா மூடி திறப்பதுபோல் எழும்பும். அடுத்து வயிற்றுத் தோலின் பக்கவாட்டில் கிழிசல் விழும். அதன் பிறகு கால்கள்.

கால்கள் வெளியே வரும் காட்சியை இரவு விளக்கில் ஓரமாக உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அவித்த பனங்கிழங்கின் தோலை நாம் உரிப்போமே, அதுபோல எட்டுக் கால்களும் ஒரே சமயத்தில், மூச்சு விடுவதுபோன்ற சிறு அசைவுகளோடு, இழை இழையாக உருவிக்கொண்டு வரும். ஈரம் மினுங்கும் புதுக் கால் வெளிறிப்போய்த் தளதளவென்று இருக்கும். நச்சுப்பற்கள் பால் வெள்ளையாக இருக்கும். உரிபடுவது வெளித்தோல் மட்டுமன்று. பற்களின் உறை, உணவு உறிஞ்சும் குழாயின் உட்பூச்சு, சுவாசப் பைகளின் உட்பூச்சு எல்லாமே பழைய சட்டையோடு கழன்று வரும். இவ்வளவு நுட்பமான வேலையின் நடுவே நம் விரல் எதற்கு?

சிறு குஞ்சுக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வளர்ந்த பெண் சிலந்திக்குப் பல மணி நேரம் ஆகலாம். முடிந்த பிறகும் சில மணி நேரம் அப்படியே கிடந்து காலை நீட்டி மடக்கும். அதுவும் வேலையின் ஒரு பகுதிதான்.

சட்டை உரிக்கப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

முதல் அடையாளம் பட்டினி. நேற்றுவரை வெட்டுக்கிளியைப் பாய்ந்து பிடித்தது இன்று அதைக் கண்டு பின்வாங்கும். வயிறு நன்றாக உப்பிப் பளபளக்கும். நடமாட்டம் குறையும். வளைக்குள் வாழும் இனமானால் வாசலை மண்ணாலும் நூலாலும் அடைத்துவிடும். அடைத்த வாசலைத் தோண்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அது கதவைச் சாத்தியிருக்கிறது. வெளியே வாழும் இனம் தரையில் பாய் விரித்தாற்போல் நூல் விரிக்கும். அந்தப் பாயைப் பார்த்தால் அன்றோ மறுநாளோ உரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டினி ஒரு மாதம் நீளலாம்; வளர்ந்த சிலந்திகளில் பல மாதங்கள்கூட நீளும். வயிறு உப்பியிருந்து, குடிக்கத் தண்ணீரும் இருந்தால் கவலை வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை உரிக்கும்?

குஞ்சுகள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வளர வளர இடைவெளி கூடும். வளர்ந்த பெண் சிலந்தி ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ உரிக்கும். வெப்பமும் தீனியும் கூடினால் வேகம் கூடும். அதற்காக அள்ளி அள்ளித் தீனி போடுவது நல்லதன்று.

வயிற்றின் வழுக்கை கறுத்துவிட்டது. நோயா?

இல்லை. அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பு முடிகள் உண்டு. பயந்தால் பின்னங்காலால் அவற்றை உதிர்த்து நம் மேல் பறக்கவிடும். உதிர்ந்த இடம் மனிதத் தோல் நிறத்தில் வழுக்கையாகத் தெரியும். உரிப்பு நெருங்கும்போது புதுத் தோலின் கரிய முடிகள் அடியில் அடர்ந்து நிற்பதால் அந்த வழுக்கை சாம்பலாகி, பிறகு கன்னங்கறுப்பாகும். இது கிட்டத்தட்ட நாள்காட்டி மாதிரி. உதிர்ந்த முடிகளும் அடுத்த உரிப்பில்தான் திரும்பி வரும். நம் நாட்டு இனங்களுக்கு அரிப்பு முடி கிடையாது. அவற்றில் இந்த அடையாளத்தைத் தேடிப் பயனில்லை. உடல் முழுக்க மங்கி, பழைய பித்தளைபோல் ஒளி குன்றுவதைத்தான் கவனிக்க வேண்டும்.

வாங்கும்போது பழுப்பு, இப்போது வேறு நிறம். ஏமாற்றி விற்றுவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. குஞ்சின் நிறம் வேறு, வளர்ந்த சிலந்தியின் நிறம் வேறு. மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டாரன்டுலா குஞ்சாக இருக்கும்போது வெளிறிய உடலும் வயிற்றில் ஒரு கறுப்புத் திட்டுமாகச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆரஞ்சுச் சிவப்பு முட்டிகள் உரிப்புக்கு உரிப்பு ஏறிவரும். மார்த்தினிக் தீவின் மரச்சிலந்தி ஒன்று இதற்கு நேர்மாறு: குஞ்சாக இருக்கும்போது முழு நீலம், வளர்ந்தால் பச்சை மேல் ஓடும் சிவந்த வயிறுமாக வேறொரு உயிர்போல் மாறிவிடும். அதன் ஒவ்வொரு சட்டையையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்.

உரித்த மறுநாள் இருக்கும் பளிச்சென்ற நிறம் நிலைக்காது. முடிகள் தேய்ந்து உதிர, மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். அடுத்த உரிப்பில் மீண்டும் பளிச்சிடும். தீனியை மாற்றியோ விளக்கு போட்டோ நிறத்தைக் கூட்ட முடியாது. அப்படிச் சொல்லி எதையாவது விற்றால் வாங்காதீர்கள்.

நீல நிறச் சிலந்தியின் சட்டையிலும் நீலம் தெரிகிறதே, சாயம் ஒட்டிக்கொண்டு வருகிறதா?

அது சாயமே அன்று. முடிகளுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் நீலம் தோன்றுகிறது. மயில்தோகையின் நீலமும் இப்படிப்பட்டதுதான். டாரன்டுலா குடும்பத்தில் இந்த நீலம் தனித்தனியாகக் குறைந்தது எட்டு முறை தோன்றியிருக்கிறது என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

நம் பக்கத்து மாநிலத்திலேயே உலகப் புகழ் பெற்ற நீலச் சிலந்தி இருக்கிறது: பொயிசிலோதீரியா மெட்டாலிகா. ஆந்திராவின் கூத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்து 1899-இல் போக்காக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் இதை விவரித்தார். பிறகு நூறு ஆண்டுகளுக்குமேல் யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. 2001-இல் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மீண்டும் கண்டார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம்.

பெட்டிக்குள் எந்த மண்ணைப் போடுவது? ஊர் மண்ணே போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். உரிப்பு கெட்டுப்போகும் வீடுகளில் முதலில் அடிமண்ணைத்தான் சோதிக்கிறேன்.

எதைப் போடக்கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் புகைப்படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அது பிடிப்பற்றது. வளை தோண்டினால் சரியும், ஈரத்தைக் காக்காது. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வளைக்குள் சிலந்தி இருக்கும்போது அது இறுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குளத்து வண்டலும் வயல் மண்ணும் வாழைத்தோப்பு மண்ணும் நமக்கு எளிதாகக் கிடைப்பவை, பார்க்கவும் வளமானவை. ஆனால் அவற்றில் பூச்சிமருந்து தங்கியிருக்கலாம். பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியை விட்டுவைக்காது. ஆற்று மணல், கூழாங்கல், உரம் கலந்த செடித்தொட்டி மண், மர அறுவைக் கடைத் தூள் எதுவும் வேண்டாம்.

போட வேண்டியது தேங்காய் நார்த்தூள். நாற்றுப் பண்ணைகளில் கோகோபீட் என்று கேட்டால் கட்டியாகத் தருவார்கள். 5 கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் பல பெட்டிகளுக்குப் போதும். ஒரு விஷயத்தில் கவனம் தேவை: கடற்கரைப் பக்கத்து மட்டையில் உப்பு இருக்கும். ஊறவைத்த தண்ணீர் முதலில் கடுங்காப்பி நிறத்தில் வரும். அது தெளியும் வரை மூன்று நான்கு முறை அலசிப் பிழியுங்கள். உரச்சத்து கலந்ததாக உறையில் போட்டிருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஈரப் பதம் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது புட்டு மாவுப் பதம். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும்; உதிர்த்தால் உதிர வேண்டும்; பிழிந்தால் சொட்டக்கூடாது. நம் வீட்டுப் பெண்கள் இந்தப் பதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். என் பெட்டிகளுக்கு இன்றும் அம்மாதான் பதம் பார்க்கிறார்.

வளை தோண்டும் இனங்களுக்கு நார்த்தூள் மட்டும் போதாது என்பது என் அனுபவம், தூளாகச் சரிந்துவிடும். மூன்று பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு செம்மண் கலக்கிறேன். பயிர் செய்யாத பொட்டல் மேட்டில் எடுத்து, சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்த செம்மண். பெட்டியில் போட்ட பிறகு உள்ளங்கையால் அழுத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். பொதபொதவென்று இருக்கும் தரையில் கால் வைக்கச் சிலந்திக்குப் பிடிக்காது. சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆழத்தைப் பொறுத்தவரை, தரையில் வாழும் இனத்துக்குக் கால் விரித்த அகலம் எவ்வளவோ அவ்வளவாவது மண் வேண்டும். வளைவாசிகளுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர். மரத்தில் வாழ்பவற்றுக்குக் கொஞ்சம் போதும். நிமிர்த்தி வைத்த மரப்பட்டைதான் அவற்றுக்கு முக்கியம். தரைவாழ் சிலந்திக்கு மண்ணுக்கும் மூடிக்கும் இடையே கால் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரம் விடாதீர்கள். கனத்த வயிற்றோடு விழுந்தால் வயிறு வெடித்துவிடும். உரித்த புதிதில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

உரிப்புக் காலத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

சிலந்தியின் மேல் ஒருபோதும் தெளிக்காதீர்கள். பெட்டியின் ஒரு மூலையில் சுவரை ஒட்டி மெதுவாக ஊற்றினால் அடியடுக்கு நனைந்து, மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். எங்கே ஈரம், எங்கே உலர்வு என்று சிலந்தியே இடம் பார்த்துக்கொள்ளும். கவிழாத தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்க வேண்டும். உரிப்புக்கான அழுத்தமே உடலில் உள்ள நீரிலிருந்துதான் வருகிறது. உரிக்கத் தொடங்கும் நாளில் ஓடி ஓடி ஈரம் சேர்ப்பதைவிட, அதற்கு முந்தைய இரண்டு மாதம் கிண்ணம் வற்றாமல் பார்ப்பதுதான் உதவி.

நம் சீமையில் ஒரே விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரலால் குற்றாலமும் தென்காசியும் குளிர்ந்து கிடக்கும். அதே நாளில் ராதாபுரம், வள்ளியூர், பணகுடியில் வறண்ட மேல்காற்று காற்றாலைகளைச் சுழற்றும். இரண்டே நாளில் மேல்மண் பொரிந்துவிடும். தென்காசிக்காரர் மூடியில் காற்றுத்துளையைக் கூட்ட வேண்டும், வள்ளியூர்க்காரர் பாதித் துளையை மறைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லோருக்குமே பூஞ்சைத் தொல்லைதான். மேலே வெள்ளையாகப் படர்ந்தால் அந்த மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, இரைச் சக்கைகளை அகற்றி, காற்றோட்டத்தைக் கூட்டினால் போதும்.

அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் பெட்டியை வைக்காதீர்கள். கான்கிரீட் கூரைக்கு அடியில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிடும். கீழ்த்தளத்தில், தரையோடு, வெயில் படாத மூலையில் வைத்து அருகில் ஈரச் சாக்கு விரியுங்கள்.

பெட்டிக்குள் போட்ட இரைப் பூச்சியை விட்டுவைக்கலாமா?

கூடாது. உரிக்கும் சிலந்தி கையறு நிலையில் கிடக்கிறது; அப்போது வெட்டுக்கிளியே அதைக் கடித்துத் தின்றுவிடும். மண்ணுக்குள் புகுந்துகொள்ளும் மாவுப்புழு அதைவிடப் பொல்லாதது. எறும்பு வரிசை வந்தால் பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். எறும்புப் பொடி போடாதீர்கள்.

அறையில் கொசுவத்தி ஏற்றலாமா?

வேண்டாம். கொசுவத்திச் சுருள், மின்சாரத்தில் செருகும் கொசு மருந்து, கரப்பான் தெளிப்பு எல்லாவற்றிலும் பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் மருந்து இருக்கிறது. சிலந்திக்கும் அதே நரம்பு. கொசுவலை கட்டிப் படுங்கள்.

உரித்த பிறகு எப்போது தீனி?

நச்சுப்பல்லைப் பாருங்கள். வெள்ளையிலிருந்து சிவப்பாகி, பிறகு கறுப்பாகும். கறுத்த பிறகுதான் தீனி. குஞ்சுக்கு நான்கைந்து நாள், வளர்ந்ததற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம். தண்ணீர் மட்டும் முதல் நாளே வேண்டும்.

கால் மாட்டிக்கொண்டது. இழுத்துவிடலாமா?

இழுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க முன்னேற்றமே இல்லையென்றால் மட்டும், மெல்லிய தூரிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டு மாட்டிய இடத்தை நனைக்கலாம். சுவாசப் பைகள் இருக்கும் வயிற்றின் அடிப்பக்கம் நனையக்கூடாது. ஒரு கால் போனாலும் பரவாயில்லை. அடுத்தடுத்த உரிப்புகளில் சிறிதாக முளைத்துப் பழைய அளவுக்கு வந்துவிடும். காயத்தில் திரவம் கசிந்தால் கொஞ்சம் சோளமாவை ஒற்றி வைத்தால் அடைபடும்.

ஆண் சிலந்தி கடைசியாக உரித்ததும் ஒல்லியாகிவிட்டதே?

அது வயதுக்கு வந்துவிட்டது. முகத்தருகே இருக்கும் உணர்காலின் நுனி குத்துச்சண்டை உறைபோல் உருண்டிருக்கும். பல இனங்களில் முன்னங்காலில் கொக்கியும் முளைக்கும். இனி அது சட்டை உரிக்காது. பெரும்பாலும் சில மாதங்கள் முதல் ஓராண்டு, ஒன்றரையாண்டு வரை இருக்கும். பெண் சிலந்தியோ சில இனங்களில் 20 ஆண்டுகளையும் தாண்டி உரித்துக்கொண்டே வாழும். அந்த ஆணின் கடைசி மாதங்களில் தண்ணீரும் சிறு இரையும் நிழலும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் மலையில் பெரிய சிலந்திகள் இருக்கின்றனவாமே, பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் டாரன்டுலாக்கள் இருப்பது உண்மை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்திலிருந்து எந்த உயிரை எடுத்தாலும் குற்றம். பொயிசிலோதீரியா இனங்கள் அனைத்தும் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. சிவப்பு முழங்கால் டாரன்டுலா அதற்கும் முன்பே இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். 2024 விதிகளின்படி அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் செய்யலாம். வாங்கும் முன்பே ஆவணத்தைக் கேளுங்கள். காட்டில் பிடித்ததை விற்பவரிடம் ஒருவர் வாங்கினால், அடுத்த வாரம் விற்றவர் இன்னொரு மரப்பொந்தைப் பிளப்பார்.

உரித்த சட்டையை என்ன செய்வது?

தூக்கி எறியாதீர்கள். வயதுக்கு வராத சிலந்தி ஆணா பெண்ணா என்பதை அதில் தெளிவாகப் பார்க்க முடியும். சுருண்டு காய்ந்திருந்தால் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்புக் கலந்த தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, தூரிகையால் வயிற்றுத் தோலை விரியுங்கள். உட்பக்கத்தில் சுவாசப் பைகளின் நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். மேலிரண்டு திட்டுகளுக்கு நடுவே சிறு பைபோன்ற மடிப்பு எழும்பி நின்றால் பெண். வெறுமையாக இருந்தால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். குஞ்சு மிகச் சிறிதாக இருந்தால் இரண்டு உரிப்பு பொறுத்துப் பாருங்கள். உருப்பெருக்கி இருந்தால் நல்லது.

பார்த்து முடித்ததும் கால்களை விரித்து வைத்து நிழலில் உலர்த்துங்கள். அரிப்பு முடி சட்டையிலும் இருக்கும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்ததும் ஒரு டப்பாவில் வைத்து மூடி, மேலே தேதி எழுதுங்கள். அந்தத் தேதியிலிருந்து கணக்கு வைத்தால், அடுத்த பட்டினி தொடங்கும்போது பயப்பட வேண்டியிருக்காது.